கண்ணைக் காட்டுதல்: ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கண் பரிசோதனையின் வரலாறு

ஸ்ரீபெரும்புதூர்–ஓரகடம் தொழில் வட்டாரத்துக்குக் கண் பரிசோதனை இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. 1819-ல் சென்னையில் தொடங்கிய கண் மருத்துவமனையிலிருந்து கிராமத்து முகாம்கள் வரை நீண்ட மருத்துவ வழி ஒன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்து ஆலை வாசலுக்கு வந்த சட்ட வழி மற்றொன்று. இரண்டும் இந்த மண்ணில் சந்தித்துக்கொண்டது 1990-களின் கடைசியில்தான். இரண்டையும் எதிர்கொண்டு நின்றது மக்களின் தயக்கம். பார்வை மங்குவது தெரிந்தும் ஆண்டுக்கணக்கில் கண்ணைக் காட்டாமல் இருப்பதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது அறிக்கை எழுதுவோரின் வழக்கம். பழைய பதிவுகளைப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது. ஒவ்வொரு தலைமுறைக்கும் அஞ்சுவதற்கு உருப்படியான காரணம் ஒன்று இருந்தது. அந்தக் காரணம்தான் காலத்துக்குக் காலம் மாறியது.

தொழிற்பேட்டைகள் வருவதற்கு முன் இது ஏரிப் பாசனத்தை நம்பிய நெல் நிலம். இராமாநுசர் பிறந்த ஊர் என்பதே ஸ்ரீபெரும்புதூரின் அடையாளம். மேற்கே காஞ்சிபுரத்தில் பட்டுத் தறிகள் ஓடின. கண்ணில் குறை என்றால் முதலில் வீட்டு வைத்தியம். தாய்ப்பால் சொட்டு விடுவார்கள், நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் ஒற்றுவார்கள், தூசி விழுந்தால் கைதேர்ந்த கிழவி ஒருத்தி நாக்கு நுனியால் எடுத்துவிடுவாள். அதற்கும் அடங்காவிட்டால் கோயில். வெள்ளியில் செய்த கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொள்வது இன்றும் மறையாத வழக்கம். பூந்தமல்லிக்கு அருகே மாங்காட்டில் உள்ள வெள்ளீஸ்வரர் கோயில், கண்ணை இழந்த சுக்கிரன் வழிபட்ட தலம் என்று புகழ்பெற்றது.

இந்த வட்டாரத்தின் பக்திக் கதைகளிலும் கண் அடிக்கடி வருகிறது. திருவொற்றியூரில் பார்வை இழந்த சுந்தரருக்குத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண் திரும்பியது. வலக்கண்ணுக்காகத் திருவாரூர் வரை அவர் போகவேண்டியிருந்தது. காஞ்சிக்கு அருகே கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வானின் கதை வேறு மாதிரி. கண்களை இழந்த அவரை, வரதராசரிடம் பார்வையைக் கேட்கும்படி இராமாநுசர் சொல்லி அனுப்பியும், அவர் இன்னொருவருக்கு வீடுபேறு கேட்டுவிட்டுத் திரும்பினார் என்கிறது வைணவ மரபு. கண்ணுக்காகக் கேட்பதைக் கடைசிக்குத் தள்ளுவது இங்கே புதிய பழக்கம் இல்லை.

மருத்துவம் என்று ஒன்று இல்லாமலும் இல்லை. சித்த மருத்துவம் கண்நோய்களை 96 என்று வகுத்தது. கண்புரைக்கு மிகப் பழைய சிகிச்சை, சுசுருதர் காலத்திலிருந்தே அறியப்பட்ட ஊசி முறை. கண்ணுக்குள் கூரிய கருவியைச் செலுத்தி, மங்கிப்போன வில்லையைப் பின்னோக்கித் தள்ளிவிடுவார்கள். வழியை மறித்த வில்லை விலகியதும் ஒளி உள்ளே போகும். நோயாளி அந்த இடத்திலேயே விரல்களை எண்ணிக் காட்டுவார். ஊர் ஊராகச் சுற்றிய வைத்தியர்கள் இதைச் சந்தையிலும் சத்திரத்திலும் செய்தார்கள். கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். கண்ணுக்குள்ளேயே கிடந்த வில்லையும், சுத்தம் செய்யாத கருவி கொண்டுபோன நச்சும் தங்கள் வேலையைப் பிறகு காட்டும். வீக்கமும் வலியும் வந்து கண் அவிந்துபோகும்போது வைத்தியர் பத்து ஊர் தாண்டியிருப்பார்.

இந்த முறையைக் கூர்ந்து ஆராய்ந்தவர் எழும்பூர் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த இராபர்ட் ஹென்றி எலியட். ஊசி வைத்தியத்துக்குப் பிறகு தம்மிடம் வந்த நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, கெட்டுப்போன கண்களை அறுத்துப் பார்த்து, 1917-ல் இலண்டனில் ஹண்டேரியன் சொற்பொழிவுகளாக நிகழ்த்தினார்; அவை நூலாகவும் வந்தன. சுற்றும் வைத்தியர்களைக் கடுமையாகத் தாக்கிய நூல் அது. அதில் அவர் சொல்லாமல் விட்ட பக்கம் ஒன்று உண்டு. கண்ணில் கருவி பட்டவர் கொஞ்ச நாளில் முழுக் குருடாவதைக் கண்ணெதிரே பார்த்த ஊர், அடுத்து வரும் கண் வைத்தியரை, அவர் வெள்ளைக்காரராகவே இருந்தாலும், அதே கண்ணோடுதான் பார்க்கும். மருத்துவமனைக்குப் போவதில் இருந்த அச்சத்தின் முதல் அடுக்கு இப்படி உருவானது.

எலியட் பொறுப்பு வகித்த மருத்துவமனைக்கு அப்போதே நூறு வயதை நெருங்கியிருந்தது. எகிப்துப் போரிலிருந்து கண்நோயோடு திரும்பிய வீரர்களால் இங்கிலாந்தில் கண் மருத்துவம் தனித் துறையாக வளர்ந்தது. 1805-ல் இலண்டனில் தோன்றிய கண் மருந்தகம் பிற்காலத்தில் மூர்ஃபீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. அங்கே பயின்ற ரிச்சர்ட்சன் என்ற மருத்துவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக்கு அனுப்பியது. 1819-ல் சென்னைக் கண் மருத்துவமனை தொடங்கியது. முதலில் இராயப்பேட்டையில் இருந்தது, 1880-களில் எழும்பூர் மார்ஷல் சாலைக்கு மாறியது. கண்ணுக்கென்றே அமைந்த மருத்துவமனைகளில் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடி உலகிலேயே பழமையானதாக அது எண்ணப்படுகிறது. அதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடத்திக்கொண்டிருந்தார். சிகிச்சை பெற்றவர்களின் விவரங்களும், அவர்களுடைய கண்களின் வண்ண ஓவியங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. புகைப்படம் தோன்றாத நாளில் ஒவ்வொரு கண்ணையும் வரைந்து வைக்கவேண்டும் என்று எண்ணிய அந்த மருத்துவப் பதிவு முறைக்கு இந்தியாவில் இணை சொல்வது கடினம்.

ஆனால் அந்த நாளின் பரிசோதனை மிக எளியது. சன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, இமையை விலக்கி, விரலால் விழியை அழுத்திப் பார்ப்பார்கள். கண்பாவைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று உயிருள்ள மனிதரில் பார்க்க வழியே இல்லாமல் இருந்தது. 1851-ல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழித்திரையைப் பார்க்கும் கருவியை அமைத்த பிறகுதான் அந்த இருட்டு விலகியது. 1862-ல் நெதர்லாந்தின் ஸ்நெல்லன், மேலிருந்து கீழாக எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போகும் பலகையை வெளியிட்டார். இன்று கண்ணாடிக் கடைச் சுவரில் தொங்குவது அதன் வழித்தோன்றல். இவற்றையெல்லாம்விட நோயாளிக்குப் பெரிதாகப் பட்டிருக்கக்கூடியது 1884-ல் வியன்னாவில் காரல் கோலர் கண்டறிந்தது: கோக்கெய்ன் கரைசலைச் சொட்டுவிட்டால் கண் மரத்துப்போகும். அதுவரை கண் அறுவை என்பது, கத்தி வருவதைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு அசையாமல் கிடப்பது. கண் ஆசுபத்திரி என்ற பேச்சுக்கே மூன்று தலைமுறை நடுங்கியதில் வியப்பில்லை.

எலியட்டின் பெயர் உலக மருத்துவ நூல்களில் நிற்பதற்குக் காரணம் வேறு. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைத் தேய்க்கும் குளுக்கோமா நோய்க்கு, வெள்விழியின் ஓரத்தில் நுண்ணிய துளை போட்டு நீரை வடியவிடும் அறுவையை அவர் எழும்பூரில் செம்மைப்படுத்தி 1909-ல் அறிவித்தார். பல ஆண்டுகள் உலகெங்கும் அது கையாளப்பட்டது. கண் பரிசோதனையின் வரலாற்றில் குளுக்கோமாவுக்குத் தனி இடம் உண்டு, ஏனென்றால் தள்ளிப்போடுவதன் விலையை அது மிகக் கறாராக வசூலிக்கும் நோய். புரை விழுந்தவருக்கு மங்கல் தெரியும். எப்போது காட்டினாலும் பார்வை பெரும்பாலும் திரும்பும். குளுக்கோமாவின் பொது வகையில் வலி இல்லை, சிவப்பு இல்லை. பார்வை ஓரங்களிலிருந்து அரிக்கப்பட்டு வரும். நடுப் பார்வை கடைசி வரை தெளிவாக இருக்கும். போன பார்வை திரும்பாது.

ஸ்ரீபெரும்புதூர் மக்களுக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை ஓர் ஆய்வு காட்டியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையின் சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை நடத்திய சென்னை குளுக்கோமா ஆய்வில், கிராமப் பகுதிக்காகத் தேர்ந்துகொண்டவை அன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் சிற்றூர்கள். 40 வயது கடந்தவர்களில் 1.62 விழுக்காட்டினருக்குத் திறந்த கோண வகைக் குளுக்கோமா இருந்தது. அவர்களில் சுமார் 98 விழுக்காட்டினருக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. எலியட் தம் அறுவையை அறிவித்து ஏறத்தாழ நூறாண்டு ஆகியும், அவருடைய மருத்துவமனையிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் நிலைமை அதுதான்.

அந்தப் பயணமே தடையாகவும் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னை நாற்பது கிலோமீட்டர் அளவுதான். ஆனால் பார்வை மங்கிய முதியவர் தனியாகப் போகமுடியாது. கூட ஓர் ஆள் வேண்டும். கூட வரும் மகனுக்கோ மருமகளுக்கோ அன்றைய கூலி போகும். சேர்த்துக்கொண்டால் வார்டில் தங்கும் நாட்களும், வீடு திரும்பியபின் கண்ணில் தண்ணீர் படாமல் கிடக்கும் நாட்களும் சேரும். நடவிலோ அறுப்பிலோ அது நடக்கிற காரியமா? வயசானால் கண் மங்கத்தான் செய்யும் என்று சொல்லிக்கொள்வது அந்தக் கணக்கைச் சரிக்கட்டும் வழி.

நோயாளி வராவிட்டால் மருத்துவர் போகவேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது கண் முகாம். தமிழ்நாட்டில் அதற்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். மூட்டு வாத நோயால் விரல்கள் கோணிப்போன பிறகு, தமக்கென்று வடிவமைத்த கருவிகளைப் பிடித்து அறுவை பழகியவர். மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் துறைத் தலைவராக இருந்துகொண்டே கிராமங்களில் முகாம் நடத்தினார். 1972-ல் மு. கருணாநிதி அரசு இலவசக் கண்ணொளித் திட்டத்தைத் தொடங்கியபோது முகாம் என்பது அரசின் வேலையாகவும் ஆனது. 1976-ல் ஒன்றிய அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் வந்தது. ஓய்வுபெற்ற வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதும் அதே ஆண்டில். இரண்டாண்டு கழித்து டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார்.

முகாம் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ நடக்கும். ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்து முதல் நாளே சொல்லிவிடுவார்கள். எழுத்துத் தெரியாதவருக்கு ஆங்கில ஈ எழுத்தைப் பல பக்கம் திருப்பி அச்சிட்ட பலகை. கம்பி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும். டார்ச் விளக்கில் புரை பார்ப்பார்கள். தொடக்கத்தில் அறுவையும் அங்கேயே, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு நடந்தது. நாளடைவில் முகாமில் பரிசோதனை மட்டும், அறுவைக்குப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு என்று முறை மாறியது. தொற்றுக்கு அஞ்சியே அந்த மாற்றம், அப்படியும் விபத்துகள் முற்றாக நிற்கவில்லை. 2008-ல் விழுப்புரம் மாவட்டத்து முகாம் ஒன்றில் தேர்ந்தெடுக்கப்பட்டு அறுவை செய்துகொண்டவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் பார்வை இழந்தார்கள். சுற்றும் வைத்தியர் விட்டுப்போன அச்சத்துக்கு அது புது உயிர் கொடுத்திருக்கும்.

முகாம்கள் ஊர் வாசலுக்கே வந்தும் கூட்டம் எதிர்பார்த்த அளவு சேரவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 1999-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கண்ணில் குறை இருந்தவர்களில் அருகில் நடந்த முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 விழுக்காட்டினரே என்று கண்டது. வராதவர்கள் சொன்ன காரணங்களில் அச்சம் முன்னால் நின்றது. செலவும், வீட்டை விட்டு வரமுடியாத நிலையும், இருக்கிற பார்வையில் சமாளித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் தொடர்ந்து வந்தன. இலவசம் என்ற சொல் எதிர்பார்த்த அளவு வேலை செய்யாததற்கு விளக்கம் இதில் இருக்கிறது. பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை, ஆனால் போய்வருவதற்கு ஒரு நாள் ஆகிறது. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் செய்துபார்த்த சோதனைகளில் நன்றாகப் பலித்த வழி, ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவரே வீட்டுக்கு வீடு போய்ப் பேசுவதும், முழுச் செலவையும் ஏற்றுக்கொள்வதும்தான். மருத்துவர் சொல்லி நம்பாததைப் பக்கத்துத் தெருக்காரர் சொல்லி நம்பினார்கள்.

அச்சத்தின் இன்னொரு பாதி கண்ணாடியைச் சுற்றி இருந்தது. படிகக் கல்லைத் தேய்த்துச் செய்யும் மூக்குக்கண்ணாடிக்குத் தஞ்சாவூருக்கு அருகேயுள்ள வல்லம் ஒரு காலத்தில் பெயர்போன ஊர். ஓரகடத்தை ஒட்டிய தொழிற்பேட்டையின் வல்லம் வேறு. கல் கண்ணாடி குளிர்ச்சி, கண்ணுக்கு நல்லது என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலைத்தது. ஆனால் கண்ணாடி என்பது பெரிய மனிதரின் அணி, வயதின் அடையாளம். நாற்பதை ஒட்டிக் கிட்டத்து எழுத்து மங்கும் சாளேசுரம் வந்த நெசவாளியோ தையற்காரரோ, ஊசி கோர்க்கப் பேரனைக் கூப்பிட்டுக் காலத்தை ஓட்டினார். பெண்ணுக்குக் கண்ணாடி போட்டால் வரன் அமையாது என்ற கவலையில் பள்ளிச் சிறுமிகளின் கிட்டப்பார்வை மறைக்கப்பட்டது. 2009-ல் வந்த கண்ணொளி காப்போம் திட்டம் பள்ளிகளிலேயே பரிசோதித்து இலவசக் கண்ணாடி வழங்கத் தொடங்கிய பிறகு அந்தக் கூச்சம் பெருமளவு தேய்ந்தது. புரை எடுத்தவர்களின் கதை இன்னும் கடினம். பழைய அறுவையில் வில்லையை எடுத்துவிட்டு ஈடாக ஒன்றும் வைப்பதில்லை. அதனால் சோடாபுட்டிக் கண்ணாடி கட்டாயம். அது உடைந்தால் பழைய இருட்டுதான். 1992-ல் மதுரையில் அரவிந்தின் ஆரோலேப் உள்விழி வில்லைகளைக் குறைந்த விலையில் உற்பத்தி செய்ததும் சோடாபுட்டி மெல்ல மறைந்தது. முகாமுக்குப் போக ஒரு காரணம் கூடியது, போகாமல் இருக்க ஒரு காரணம் குறைந்தது.

சட்ட வழி இதற்குள் வேறு திசையில் வளர்ந்திருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, துகள்கள் தெறிக்கும் வேலையிலும் கூசும் ஒளி உள்ள வேலையிலும் மறைப்போ பாதுகாப்புக் கண்ணாடியோ கட்டாயமாக்க மாநிலங்களுக்கு அதிகாரம் தந்தது. கிரேன், ஃபோர்க்லிப்ட் ஓட்டுவோரும், கிரேனுக்குச் சைகை காட்டுவோரும் பார்வையும் நிறமறியும் திறனும் சோதிக்கப்பட்டே வேலைக்கு வரவேண்டும்; 45 வயது வரை 12 மாதத்துக்கு ஒருமுறையும் அதற்குமேல் 6 மாதத்துக்கு ஒருமுறையும் சோதனை தொடரவேண்டும் என்பது இந்தியாவில் தொழிற்சாலைகளுக்கான மாதிரி விதி. நிறக் குருட்டைச் சோதிக்கும் வழக்கம் இரயில்வேயிலிருந்து வந்தது. சுவீடனில் 1875-ல் நடந்த இரயில் விபத்துக்குப் பின் வண்ண நூல் கண்டுகளைப் பிரித்து அடுக்கச் சொல்லும் சோதனை பரவியது. 1917-ல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா வெளியிட்ட புள்ளிப் படங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. மருத்துவச் செலவுக்கு அதே 1948-ல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் வந்தது. பேச்சில் இ.எஸ்.ஐ. என்றால் அதுதான்.

இந்தச் சட்டங்கள் ஸ்ரீபெரும்புதூர் மண்ணில் பொருள் பெற்றது, அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் நிலம் எடுத்து ஆலைகள் வந்தபின். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு 1996-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2000-ல் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை, 2006-ல் நோக்கியா, அடுத்து சாம்சங், 2010-ல் ஓரகடத்தில் ரெனோ–நிசான், 2012-ல் டைம்லர் என்று வரிசை நீண்டது. நோக்கியா 2014-ல் மூடப்பட்டாலும் மின்னணு வேலை குறையவில்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024-ல் திறக்கப்பட்டதிலிருந்தே அதன் அளவை ஊகிக்கலாம்.

ஏரிக்கரைக் கிராமத்தில் வளர்ந்த பலருக்கு வாழ்நாளின் முதல் கண் பரிசோதனை வேலைக்குச் சேரும்போது நடந்தது. பலகையைப் படி, ஒரு கண்ணை மூடு, புள்ளிக்குள் என்ன எண், அவ்வளவுதான். மருத்துவமனையில் இந்தச் சோதனையில் தோற்றால் கண்ணாடி கிடைக்கும். இங்கே தோற்றால் வேலை கிடைக்காமல் போகலாம். ஆகவே புதிய அச்சம் ஒன்று பிறந்தது. வரிசையில் நிற்கும்போதே கடைசி வரியை மனப்பாடம் செய்துகொள்வது பழைய தந்திரம். நிறமறியும் திறன் பிறவியிலேயே குறைந்தவர், தமக்கு அது இருப்பதை வேலை மறுக்கப்படும் நாளில்தான் அறிகிறார். ஃபோர்க்லிப்ட் ஓட்டி அனுபவம் பெற்றவர் பார்வை மங்குவதைச் சொன்னால், வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள், படி போய்விடும் என்று கணக்குப் போடுகிறார். ஒப்பந்தத் தொழிலாளருக்கு அந்தக் கணக்கு இன்னும் கூர்மை. கார்களை ஏற்றிச்செல்லும் நீண்ட லாரிகளின் ஓட்டுநர்களும் அப்படித்தான். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவில் வண்டி எண்ணைப் படிக்கவேண்டும் என்று உரிமத்துக்கான மருத்துவச் சான்று கேட்கிறது. இரவில் எதிர் விளக்குக் கூசுவதைப் பற்றி அதில் கேள்வி இல்லை.

ஆலை வேலை கண்ணைச் சும்மா விடுவதும் இல்லை. அரைக்கும் சக்கரத்திலிருந்து தெறிக்கும் இரும்புத் துகள் கருவிழியில் பதியும். வெல்டிங் ஒளியை மறைப்பில்லாமல் பார்த்தவருக்கு இரவில் கண்ணில் மணல் கொட்டினதுபோல் உறுத்தும். சின்னத் துகள்தானே என்று பக்கத்து ஆளிடம் துணி முனையால் எடுக்கச் சொல்வது, கிராமத்துக் கிழவியின் நாக்கு வைத்தியம் ஆலைக்குள் எடுத்த மறுபிறவி. விளைவும் அதேபோல்: துகள் வந்துவிடும், துரு வளையமும் தொற்றும் தங்கிவிடும். மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் மேசையிலோ துகள் இல்லை. மணிக்கணக்கில் கையளவு தூரத்தில் பார்க்கும் வேலை. கண் சிமிட்டுவது குறைந்து விழி காயும், தலை வலிக்கும். சிறிய அளவில் திருத்தாமல் விட்ட பார்வைக் குறை அங்கேதான் வெளிப்படும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது கடந்த தொழிலாளர்களுக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலை, பெறாதவர்களைவிட 21.7 விழுக்காடு கூடியிருந்தது. இலை பறிக்கவே அவ்வளவு என்றால் திருகாணி பொருத்துவதற்குச் சொல்லவேண்டியதில்லை.

முழுமையான கண் பரிசோதனை இன்று மருத்துவமனையில் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் நடக்கிறது. முதலில் பலகை, வடமாநிலத் தொழிலாளர்கள் மிகுந்த இடங்களில் ஈ எழுத்தும் எண்களும் கைகொடுக்கின்றன. பிறகு தாடையை வைத்துக் குட்டி வீட்டையோ பலூனையோ பார்க்கச் சொல்லும் கணினிக் கருவி. அது தோராயமான பவரைச் சொல்லும். சோதனைச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பது அடுத்த கட்டம். தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று வியர்ப்பவர்கள் உண்டு. தேர்வு எழுதிப் பழகிய சமூகத்தில் அது இயல்பு, ஆனால் மாறுபட்ட பதில்களை ஒத்துப்பார்த்துத் திருத்தும் வகையில்தான் அந்தக் கேள்விகள் அமைகின்றன. பிளவு விளக்கின் ஒளியில் கருவிழியையும் வில்லையையும் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி சுவீடனின் குல்ஸ்ட்ராண்ட் 1911-ல் தந்தது.

கண் அழுத்தம் அளப்பதற்குத்தான் பலர் அஞ்சுகிறார்கள். 1905-ல் நார்வேயின் ஷியோட்ஸ் அமைத்த கருவியை, மரத்த கண்ணின்மேல் நேராக வைத்தே அளந்தார்கள். படுத்துக்கொண்டு மேலே பார்க்கவேண்டும். 1972-ல் வந்த காற்றுக் கருவி கண்ணைத் தொடுவதில்லை. ஒரு சிறு காற்று மட்டும் ஊதும். உடம்பு துள்ளும், வலி இருக்காது. கடைசியாகக் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து. லேசாக எரியும், அரை மணியில் பாவை விரியும், மருத்துவர் விழித்திரையையும் நரம்பையும் பார்ப்பார். அதன்பின் சில மணி நேரம் கிட்டத்து எழுத்து தெரியாது, வெயில் கூசும், வண்டி ஓட்டக்கூடாது. பரிசோதனையின் மிகப் பயனுள்ள பகுதி இது. தொழிலாளி மிகவும் தள்ளிப்போடும் பகுதியும் இதுவே. இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தவர் எப்படித் திரும்பிப் போவது? சொட்டு மருந்து வேண்டாம், பவர் மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறார். கண்ணாடிக் கடையின் இலவசக் கணினிப் பரிசோதனையில் பலருடைய கண் பரிசோதனை நின்றுவிடுவதற்கும் காரணம் அதுதான். அங்கே பவர் கிடைக்கும்; அழுத்தமும் விழித்திரையும் பார்க்கப்படுவதில்லை.

விழித்திரையை விட்டுவிடுவது முன்பைவிட இப்போது ஆபத்து, ஏனென்றால் சர்க்கரை நோய் பரவிவிட்டது. சென்னை நகரில் 40 வயது கடந்த சர்க்கரை நோயாளிகளைச் சங்கர நேத்ராலயா ஆராய்ந்தபோது 18 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. குளுக்கோமாவைப்போலவே இதிலும் தொடக்கத்தில் நோயாளிக்கு ஒன்றும் தெரிவதில்லை.

தூரம் என்ற பழைய தடை பெரும்பாலும் விலகிவிட்டது. அரவிந்த் 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களை வைத்து, எடுத்த படங்களை இணைய வழியாக மருத்துவருக்கு அனுப்பும் முறையை வளர்த்தது; 2017-ல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் பெரிய மருத்துவமனையே திறந்தது. எழும்பூர் வரை போகவேண்டியதில்லை. கம்பெனி பஸ்கள் ஓடும் சாலையிலேயே அது இருக்கிறது. 2014 முதல் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு சட்டமானதும், சுற்றுக் கிராமங்களில் கண் முகாம் நடத்துவது ஆலைகளுக்கு வாடிக்கையானது. 2024-ல் தமிழ்நாடு அரசு தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்ற பெயரில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பணியிடத்திலேயே சோதிக்கத் தொடங்கியது. ஊருக்கு முகாம் வந்ததன் அடுத்த படி இது. நேரம் என்ற தடை மட்டும் நிற்கிறது. பரிசோதனைக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் உண்டா, இல்லையா என்பதில் அது அடங்கியிருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், 40 வயது கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனையை முதலாளியின் கடமையாக்குகின்றன. சாளேசுரம் தொடங்குவதும், குளுக்கோமா ஆய்வுகள் எண்ணத் தொடங்குவதும் அந்த வயதில்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் இருபது வயதில் சேர்ந்தவர்கள் அதைத் தாண்டிவிட்டார்கள். மின்னணு ஆலைகளின் பெண்கள் பெரும்பாலும் இன்னும் இருபதுகளில் இருக்கிறார்கள். வயதை வைத்து வரும் இந்த ஏற்பாடு அவர்களைத் தொட இன்னும் ஆண்டுகள் பிடிக்கும்.